பந்தர் லட்டும் மங்கினபூடிக் கடலும்

(போவன்பள்ளிக் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் மகளிர் அணி அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு மாமா காசி யாத்திரை பற்றி ரொம்ப விஸ்தாரமாகப் பேசினார். அவர் ஆறு மாதம் திட்டம் போட்டுப் போய் வந்தவர். நான் சொல்லப்போவது ஆறு மணி நேரம்கூடத் திட்டம் போடாத ஒரு பிரயாணம். புண்ணியக் கணக்கில் இது சேருமா என்பதை சாஸ்திரிகள்தான் சொல்ல வேண்டும். பட்சணக் கணக்கில் நிச்சயம் சேரும்.

2025-ஆம் வருஷம் ஜூன் 5 முதல் 8 வரை, மசூலிப்பட்டினத்தை அடுத்த மங்கினபூடிக் கடற்கரையில் 'மசூலா பீச் ஃபெஸ்டிவல்' என்று ஒரு திருவிழா அரசுத் தரப்பில் நடந்தது. மணலில் கபடி, கடலில் படகுப் போட்டி, மேடையில் பாட்டு, நடனம், இதற்கெல்லாம் மேலாகச் சாப்பாட்டுக் கடைகள். வியாழக்கிழமை காலை காபி நேரத்தில் என் ஆத்துக்காரர் பேப்பரில் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு, "பந்தர்லே ஏதோ உற்சவமாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். போகலாம் என்று சொல்லவில்லை.

"பந்தர்லேயா? நான் வரேன்" என்று உள்ளே பூஜை அறையிலிருந்து ஒரு குரல் வந்தது. அது என் நாத்தனார் குரல்.

அக்கா இதோ இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் அனுமதி வாங்கிக்கொண்டுதான் பேசுகிறேன், யாரும் கவலைப்பட வேண்டாம். வயது எழுபத்து நாலு. அத்திம்பேர் 2023-ல் தவறிப்போனதிலிருந்து எங்களோடு போவன்பள்ளியில் இருக்கிறார். வருஷாப்திகம் எல்லாம் முறைப்படி முடிந்தாயிற்று. ஆனால் அதற்குப் பிறகும் அக்கா கோயிலுக்கும் டாக்டரிடமும் தவிர வேறெங்கும் வாசப்படி தாண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால் மொய்க் கவர் மட்டும் எங்களிடம் கொடுத்து அனுப்புவார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. யாரும் "வாருங்கோ" என்று இரண்டாம் தடவை கூப்பிடவும் இல்லை. இந்த இரண்டும் ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

அப்படிப்பட்டவர் தானாக "வரேன்" என்றதும், என் ஆத்துக்காரர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் பேரனைப் பார்த்தேன். பதினோரு மணிக்குத் தத்கால் திறந்தது. பேரன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலில் நாலு படுக்கை பிடித்துவிட்டான். பக்கத்து அபார்ட்மென்ட் மாமியும் சேர்ந்துகொள்ள, அவருக்கும் ஒன்று கிடைத்தது. பீதரிலிருந்து கிளம்பி செகந்திராபாத் வழியாக மசூலிப்பட்டினம் போகிற ரயில் அது. ராத்திரி ஏறிப் படுத்தால் விடிந்ததும் பந்தர். எழுபது வருஷத்துச் சரீரத்துக்கு இதைவிடச் சௌகரியம் கிடையாது.

வெள்ளிக்கிழமை ஏகாதசி. அக்காவும் பக்கத்து மாமியும் பலகாரம் மட்டும்தான். எனவே கட்டுச்சாதம், மிளகாய்ப்பொடி தடவின இட்லி என்ற வழக்கமான மூட்டை முடிச்சு இல்லாமல், வாழைப்பழமும் ஒரு கூஜா பாலும் மட்டும் எடுத்துக்கொண்டு நாங்கள் செய்த முதல் ரயில் பிரயாணம் இதுவாகத்தான் இருக்கும்.

இங்கே இருப்பவர்களில் பலர் இந்த ஊரில் முப்பது, நாற்பது வருஷமாக இருக்கிறோம். ஆனாலும் ஹைதராபாத்துக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் உள்ள பந்தத்தை யோசித்துப் பார்த்திருக்க மாட்டோம். கோல்கொண்டா சுல்தான்களுக்குக் கடல் வாசல் அதுதான். 'பந்தர்' என்றாலே பாரசீகத்தில் துறைமுகம். கோல்கொண்டா வைரமும், கலங்காரித் துணியும் அங்கே போய்த்தான் கப்பல் ஏறின. 1611-லேயே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அங்கே வந்து இறங்கிவிட்டார்கள். நம் சென்னையில் கோட்டை கட்ட இடம் வாங்கியது 1639-ல்தான், கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். இன்றைக்கும் புனேயிலிருந்து ஹைதராபாத் வழியாக வரும் 65-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை போய் முடிகிற ஊர் மசூலிப்பட்டினம்தான். நம் வங்கிக்கார மாமாக்களுக்காக ஒரு விஷயம்: டாக்டர் பட்டாபி சீதாராமய்யா 1923-ல் ஆந்திரா பாங்க்கை ஆரம்பித்ததும் அந்த ஊரில்தான். 2020-ல் அது யூனியன் பாங்க்கோடு சேர்ந்துவிட்டது.

அத்திம்பேரும் வங்கிக்காரர். எந்த வங்கி என்பது இங்கே முக்கியமில்லை. 1975-லிருந்து 1979 வரை பந்தர் கிளையில் இருந்தார். அக்காவுக்குக் குடித்தனம் ஆரம்பித்த ஊரே அதுதான். இது எங்களுக்கெல்லாம் தெரியும். 1977-ல் அங்கே புயலில் மாட்டிக்கொண்டார்கள் என்பதும் தெரியும். அதற்கு மேல் தெரியாது. அக்கா சொன்னதில்லை. ஒன்று மட்டும் கவனித்திருக்கிறோம். சென்னைக்குப் போனால் மெரீனாவில் எல்லோரும் இறங்கி மணலுக்கு ஓடுவோம், அக்கா மட்டும் காரிலேயே உட்கார்ந்திருப்பார். முழங்கால் வலி என்று நினைத்துக்கொள்வோம். முப்பது வயதில் யாருக்கு முழங்கால் வலி வரும் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை லாட்ஜில் குளித்துவிட்டு, முதலில் சிலகலபூடி பாண்டுரங்கன் கோயில். கடற்கரைக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. நம் பஜனை மாமாக்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம், பண்டரிபுரத்து ஞாபகம் வந்துவிடும். சிலகலபூடி கவரிங் நகைக்கும் பேர் போன இடம். பக்கத்து மாமி அங்கே ஒரு மணி நேரம் காணாமல் போனார். அதைப் பற்றி அதிகம் சொன்னால் மாமா கோபித்துக்கொள்வார்.

மத்தியானம் லாட்ஜில் பாரணையை முடித்துக்கொண்டு, படுத்து எழுந்து, வெயில் தாழ்ந்ததும் மங்கினபூடிக்குக் கிளம்பினோம். ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஜனக்கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். ஆட்டோ ஒரு கிலோமீட்டருக்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடற்கரை ஊர் என்றால் மீனும் இறாலும் இல்லாமல் இருக்குமா? பாதிக் கடைகள் அதுதான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப் பக்கமாக நடக்க வேண்டும். இந்த சாஸ்திரத்தை என் ஆத்துக்காரர் கண்டுபிடித்தார். மீதிப் பாதியில் மிரபகாய் பஜ்ஜி, புணுகுலு, பெசரட்டு என்று ஆந்திர தேசத்து வகைகள். இதில் வெங்காயம் இல்லாதது எது என்று தேடினால் கடைசியில் மிஞ்சுவது தித்திப்புதான். ஆகவே தித்திப்புப் பக்கம் போனோம். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

ஆத்ரேயபுரம் பூதரேகுலு இங்கே ஹைதராபாத் கடைகளிலும் கிடைக்கிறது, எல்லோரும் சாப்பிட்டிருப்பீர்கள். ஆனால் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு மண்பானையைக் கவிழ்த்து வைத்து அடியில் தீ. அரிசி மாவை நீர்க்கக் கரைத்து, அதில் ஒரு மெல்லிய துணியைத் தோய்த்து, பானையின் முதுகில் ஒரே இழுப்பு. அடுத்த நிமிஷம் காகிதத்தைவிட மெல்லிசாக ஒரு ஏடு எழும்பி வரும். நெய் தடவி, வெல்லப் பொடியோ சர்க்கரையோ தூவி மடித்தால் பட்சணம் தயார். நம் ஆத்து மாமிகள் தோசைக்கல்லில் காட்டும் சாமர்த்தியமெல்லாம் இதற்கு முன்னால் நிற்காது. 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

இனி பந்தர் லட்டு. நாம் லட்டு என்றால் பூந்தியை நினைக்கிறோம், இல்லாவிட்டால் பொட்டுக்கடலை மாலாடு. இது இரண்டும் இல்லை. கடலை மாவைப் பிசைந்து கனமான ஓமப்பொடி மாதிரிப் பிழிந்து பொரித்து, அதை உரலில் போட்டு இடித்து, சலித்து, வெல்லப் பாகில் சேர்த்து, நெய் விட்டுத் திரும்பவும் இடிக்க வேண்டும். அதனால்தான் அங்கே 'தொக்குடு லட்டு' என்கிறார்கள், இடித்த லட்டு. வாயில் போட்டால் பூந்தி கடிபடாது, மாவு ஒட்டாது, மெத்தென்று கரைந்துபோகும். பதினைந்து நாள் கெடாது. இதற்கு 2017-லேயே புவிசார் குறியீடு கொடுத்துவிட்டார்கள். நம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019, கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020. திருப்பதி லட்டு மட்டும் 2009-லேயே முந்திக்கொண்டது, பெருமாள் காரியம்.

எனக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. இந்த லட்டையும், கோதுமைப் பாலில் வெல்லம் சேர்த்துக் கிளறும் கறுப்பு அல்வாவையும் பந்தருக்குக் கொண்டு வந்தவர்கள், வடக்கே பந்தேல்கண்ட் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய போந்திலி சிங் குடும்பங்கள் என்று அங்கே சொல்கிறார்கள். இதைக் கேட்டதும் எனக்குத் திருநெல்வேலி ஞாபகம் வந்தது. நான் அந்தச் சீமைக்காரி. எங்கள் ஊர் அல்வாவும் கோதுமைப் பால்தான், அதைப் பிரசித்தமாக்கியவர்களும் வடக்கிலிருந்து வந்த சிங் குடும்பங்கள்தான். ஒன்று வங்கக் கடல் ஓரம், இன்னொன்று தாமிரபரணிக் கரை. நடுவில் ஆயிரம் கிலோமீட்டர். இரண்டு இடத்திலும் ராஜபுத்திரர்கள் வாள் பிடித்த கையால் அல்வாக் கிளறியிருக்கிறார்கள். நாம் பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் செகந்திராபாத் வந்து நாற்பது வருஷமாகக் காபிக்கொட்டையை எங்கே வாங்குவது என்பதிலேயே ஒரு முடிவுக்கு வரவில்லை.

சரி, அக்கா விஷயத்துக்கு வருகிறேன்.

லட்டுக் கடையில் ஒரு நடுவயது அம்மாள் நின்றிருந்தாள். அக்கா ஒன்றும் வாங்காமல் கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். நெய் எது, வெல்லம் எந்தப் பக்கத்து வெல்லம், கையால் இடித்ததா மெஷினா என்று. எல்லாம் தெலுங்கில். நாங்கள் பேசுகிற செகந்திராபாத் தெலுங்கு இல்லை. நாற்பத்தைந்து வருஷமாக உள்ளே வைத்திருந்த வேறொரு தெலுங்கு வெளியே வந்தது. அந்த அம்மாள் அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அம்மா, மீதி பந்தரா?" என்று கேட்டாள். 'உங்களுக்குப் பந்தரா?' என்று அர்த்தம். என் ஆத்துக்காரர் காதில் 'மீதி' என்று தமிழாக விழுந்து, பாக்கிச் சில்லறைக்காகப் பர்ஸைத் திறந்துவிட்டார்.

அக்கா, "ஆமாம், எழுபத்தேழிலே இருந்தேன்" என்றார். எழுபத்தேழு என்றதும் அந்த அம்மாள் வேறெதுவும் கேட்கவில்லை. ஒரு லட்டை எடுத்து இலையில் வைத்து அக்கா கையில் கொடுத்தாள். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். வெளியே வாங்கிச் சாப்பிட்டே இரண்டு வருஷம் ஆன அக்கா, அங்கேயே நின்றபடி அந்த லட்டைச் சாப்பிட்டார். பாதி சாப்பிட்டுவிட்டு, "அவருக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஆபீஸ் விட்டு வரச்சே நாலு வாங்கிண்டு வந்து, ரெண்டுதான் வாங்கினேன்னு சொல்லுவார்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பிறகு, "சமுத்திரம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

மங்கினபூடிக் கடற்கரை நம் மெரீனா மாதிரி வெள்ளை மணல் இல்லை. கறுப்புக் களிமண் கலந்த கரை, காலை இழுக்கும். பேரன் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்துக்கொள்ள, அக்கா தண்ணீர் வரை நடந்தார். "திவிசீமை அந்தப் பக்கம்" என்று தெற்கே கையைக் காட்டினார். அப்புறம்தான் சொன்னார், அதுவும் எங்களிடம் இல்லை, பேரனிடம்.

1977 நவம்பர் 19, சனிக்கிழமை. கார்த்திகை மாதத்துக் காற்று என்றுதான் நினைத்தார்களாம். சாயங்காலத்துக்குள் ஓடுகள் பறக்க ஆரம்பித்துவிட்டன. மாடி வீடு, கையில் எட்டு மாதக் குழந்தை. ராத்திரி முழுக்கக் கதவுக்கு அண்டை கொடுத்து அத்திம்பேரும் வீட்டுக்காரரும் நின்றார்களாம். மறுநாள் விடிந்த பிறகுதான் கிருஷ்ணா நதி முகத்துவாரத்தில் திவிசீமைக்குள் கடல் புகுந்த செய்தி வர ஆரம்பித்தது. பனைமர உயரம் என்று ஜனங்கள் சொன்னார்கள். பத்தாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். அவனிகட்டாவில் அவர்களுக்கு ஒரு ஞாபகச் சின்னம் இருக்கிறது. பந்தருக்கு இது புதிதும் இல்லை. 1864 நவம்பர் 1-ஆம் தேதி அடித்த புயலில் அந்த ஒரு வட்டாரத்தில் மட்டும் முப்பதாயிரம் பேர் மாண்டதாகச் சரித்திரம் சொல்கிறது.

வங்கிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து நிவாரண வேலைக்குப் போனார்கள். அத்திம்பேர் விடியற்காலம் போனால் ராத்திரிதான் வருவார். போகிறவர்களுக்குப் புளியஞ்சாதம் கட்டிக் கொடுக்கிற பொறுப்பு அக்காவுடையது. கெடாது என்பதற்காகப் புளியஞ்சாதம். ஒரு மாதம் தினமும் ஒரு பெரிய வெங்கலப்பானை. "அவர் வந்து பின்கட்டுலேயே ஸ்நானம் பண்ணிட்டுத்தான் உள்ளே வருவார். என்ன பார்த்தேள்னு கேப்பேன். சாதம் போடுன்னு மட்டும் சொல்லுவார். அதுக்கப்புறம் நாப்பத்தாறு வருஷம் இருந்தார், அந்த ஒரு மாசத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. நானும் கேக்கலை" என்றார் அக்கா. கிணற்றிலெல்லாம் உப்பு ஏறி, ஆறு மாதம் காபி கரித்ததாம். அந்தக் காபியை அத்திம்பேர் ஒரு நாளும் குறை சொல்லாமல் குடித்தாராம். பால் சரியில்லை என்று தினமும் டபராவை நகர்த்துகிற என் ஆத்துக்காரர் இதைக் கேட்டுக்கொண்டே பேசாமல் நின்றிருந்தார். தமக்கையைப் பார்க்கவில்லை, கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிஷம் நின்றிருப்போம். மேடையில் ஏதோ சினிமாப் பாட்டு காதைப் பிளந்தது. "போறும், புடவையெல்லாம் ஈரம், வாங்கோ" என்றார். திரும்பும்போது அந்த லட்டுக் கடையில் இரண்டு கிலோ வாங்கினார், இந்தத் தடவை காசு கொடுத்து.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் வைத்துக்கொண்டு கூச்சிப்பூடிக்கும், க்ஷேத்ரக்ஞர் ஊரான மொவ்வாவுக்கும் போய் வந்தோம். தஞ்சாவூர்க்காரர்கள் இந்த இரண்டு ஊரையும் பார்க்காமல் இருக்கக்கூடாது. நம் மெலட்டூர் பாகவத மேளாவும் கூச்சிப்பூடியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அச்யுதப்ப நாயக்கர் காலத்தில் ஆந்திர தேசத்திலிருந்து வந்த பாகவதக் குடும்பங்களுக்குக் கொடுத்த கிராமம்தான் மெலட்டூர் என்பார்கள். க்ஷேத்ரக்ஞர் பதங்களுக்கும் தஞ்சாவூர் நாயக்கர் சபையில் பெரிய மரியாதை. இதைப் பற்றி ஒரு தனிக் கூட்டமே வைக்கலாம், அதற்கு என்னைவிடச் சங்கீதம் தெரிந்தவர்கள் இங்கே உண்டு. மறுநாள் திங்கட்கிழமை வைகாசி விசாகம். அதனால் ஞாயிறு ராத்திரியே ரயில் ஏறிவிட்டோம்.

திரும்பி வந்த மூன்றாம் நாள் உறவில் ஒரு மாமி போன் பண்ணினார். ஊரோ பேரோ சொல்லப் போவதில்லை. "ரெண்டு வருஷம்கூட முழுசா ஆகலை, உற்சவத்துக்கும் தீனிக்கும் கூட்டிண்டு போனேளாமே, நாலு பேர் என்ன சொல்லுவா?" என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தது. அக்கா பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அக்காவே, "நாலு பேர்லே ஒருத்தி நீ. என்ன சொல்றேன்னு இப்போ சொல்லிட்டே. மீதி மூணு பேர் யாருன்னு சொல்லு, அவாளுக்கும் லட்டு அனுப்பறேன்" என்றார். அந்த மாமி நல்லவர்தான், சிரித்துவிட்டார். ஆனால் சிரிக்காதவர்களும் நம்மில் உண்டு. ஒருத்தி எங்கே போகலாம், எதைச் சாப்பிடலாம், எந்தப் புடவை கட்டலாம் என்பதெல்லாம் அவள் ஆத்துக்காரர் போன அன்றைக்கே ஊர்ப் பொதுச் சொத்தாகிவிடுகிறது. சாஸ்திரம் சொன்ன காலத்தை அக்கா ஒரு நாள் குறைக்காமல் இருந்து முடித்தார். அதற்கு மேல் நாம் சேர்த்துக்கொண்டே போகிற காலத்துக்கு எந்தப் பஞ்சாங்கத்தில் முடிவு போட்டிருக்கிறது என்று நம் சங்கத்துப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். இப்போதே சொல்ல வேண்டாம், யோசித்துச் சொல்லுங்கள்.

காரியதரிசிக்கு ஒரு விண்ணப்பம். நம் கிளை ஆண்டு விழாவில் உணவுத் திருவிழா நடத்துகிற யோசனை இருக்கிறது. மங்கினபூடியில் பிளாஸ்டிக் தட்டும் கப்பும் கரை முழுக்கக் கிடந்ததைப் பார்த்தேன். நமக்கு அது வேண்டாம். நம் போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டில் தினமும் சேரும் பத்து டன் போலக் காய்கறிக் குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள் என்று 2021 ஜனவரியில் பிரதமரே ரேடியோவில் பாராட்டினார். அந்தப் பேட்டையில் இருந்துகொண்டு நாம் தெர்மோகோல் தட்டில் பரிமாறினால் நன்றாக இராது. வாழையிலைக்கு மார்க்கெட்டில் நான் பேசி வாங்கித் தருகிறேன்.

கடைசியாக, லட்டு. வாங்கி வந்தது பத்தே நாளில் தீர்ந்தது. அதன் பிறகு அக்கா ஆத்திலேயே செய்து பார்க்கிறேன் என்று உட்கார்ந்தார். முதல் தடவை மிக்ஸியில் பொடித்தோம், மாவாகப் போய்விட்டது, பயத்தமாவு உருண்டை மாதிரி மேல் அண்ணத்தில் ஒட்டியது. இரண்டாம் தடவை பரணிலிருந்த இரும்பு உரலை இறக்கி, பேரன் உலக்கை பிடித்தான். இருபது நிமிஷத்தில் அவன் கை கொப்பளித்துவிட்டது, லட்டு வந்துவிட்டது. நேற்று மூன்றாம் தடவையாகச் செய்தது ஹாலுக்குப் பின்னால் மேஜையில் இரண்டு தூக்கில் இருக்கிறது. ஆளுக்கு ஒன்று. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதி, மீதிப் பாதியை என் ஆத்துக்காரரிடம் கொடுக்க வேண்டாம், அவருக்கும் சர்க்கரை உண்டு. இதைப் பத்திரிகையில் படிக்கப்போகும் வெளியூர் அங்கத்தினர்கள் மன்னிக்கவும்.